தண்ணீர் மாற்றும் சனிக்கிழமை

இன்ஸ்பெக்டருக்குக் கை என்றாலே ஆகாது. தீனி போடுகிற கை, கண்ணாடி துடைக்கிற கை என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. தொட்டிக்குள் மணிக்கட்டு நனைந்தால் போதும்; வலது மூலைப் பாறைக்குப் பின்னாலிருந்து கிளம்பி நேரே வந்து நறுக்கென்று ஒரு கடி வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். ஆள் என்னவோ உள்ளங்கை அளவுதான். காய்ந்த மிளகாய் நிறம், குறுக்கே மூன்று வெள்ளைப் பட்டை, கன்னத்தில் பக்கத்துக்கு ஒரு முள். கடல் மீன் விற்கிறவர்கள் இந்த ரகத்தைப் 'பாதி முரடு' என்பார்கள். அதாவது, தானாகத் தேடிப்போய் வம்பு இழுக்காது. தன் இடத்துக்குள் வந்தால் விடாது. தன் இடம் எதுவரை என்பதை மட்டும் அதுவே முடிவு செய்துகொள்ளும். நான்கடித் தொட்டியில் அது நான்கடி வரைக்கும் இருந்தது.

பெயர் வைத்தவள் தொட்டி இருக்கும் வீட்டு மெக்கானிக்கின் மனைவி. வாங்கி வந்த புதிதில், கட்டைவிரல் நீளம்கூட இல்லாத வயதிலேயே அது தொட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் விறைப்பாக ரோந்து போவதைப் பார்த்து, "ஐயா இன்ஸ்பெக்டருல்ல!" என்று சிரித்தாள். கூட விட்ட இரண்டு நீல மீன்களை ஓட ஓட விரட்டியதில் ஒரே வாரத்தில் அவை கடைக்கே திரும்பிப் போயின. இந்த இனத்தில் எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும், பெரியதும் பொல்லாததும் பிறகு பெண்ணாக மாறிவிடும் என்று எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னவளும் அவள்தான். "பதவி உயர்வு" என்று விளக்கமும் கொடுத்தாள். அதற்குப் பிறகும் பெயர் மாறவில்லை.

அந்த மனைவி வீட்டைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. மீன் இங்கேயே இருந்துவிட்டது. இருநூறு லிட்டர் தண்ணீரும் பாறையுமாக நிற்கிற தொட்டியை மூன்றாவது மாடியிலிருந்து யார் இறக்குவது?

அவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் பாதிக் கட்டடங்களின் லிஃப்ட்கள் அவன் கைபட்டு ஓடுகிறவை. அவன் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பான். அவள் ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் டெக்னீஷியன். ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடும் கண்.

பிரிந்ததற்கு அடிதடி, குடி, இன்னொருத்தி என்று பெரிய காரணம் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். அவன் பேசமாட்டான், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நாம் சொல்லிவிடலாம். ஒன்பது வருஷம் கூட இருந்து பார்த்தவளுக்குத்தான் தெரியும். கேட்டால் பதில் வரும். 'ம்' வரும், 'சரி' வரும், 'பார்க்கலாம்' வரும். தானாக ஒரு வார்த்தை வராது. அவள் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் லீவு போட்டுக் கட்டிலோரமே உட்கார்ந்திருந்தான், வாயை மட்டும் திறக்கவில்லை. அவளுக்கும் இது பழகிப் போயிருந்தது. இவன் சுபாவமே இப்படித்தான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு ஓட்டியிருப்பாள்.

லேப் இருக்கும் கட்டடத்து லிஃப்ட் ஒரு மத்தியானம் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. உள்ளே ஐந்து பேர். அவன்தான் வந்தான். கேபிளில் ஏதோ கோளாறு, திறக்க நாற்பது நிமிஷம் பிடித்தது. அந்த நாற்பது நிமிஷமும் கதவுக்கு வெளியிலிருந்து பேசிக்கொண்டே இருந்தான். "பயப்படாதீங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகமாட்டேன். காத்து நல்லா வரும், கவலைப்படாதீங்க. யாருக்காவது படபடப்பா இருந்தா என்கிட்ட பேசிக்கிட்டே இருங்க. வீட்ல யார் யார் இருக்காங்க சொல்லுங்க." உள்ளே அழுத ஒரு பெண்ணை ஒரு ஜோக் சொல்லிச் சிரிக்கவே வைத்துவிட்டான். கதவு திறந்தபோது நான்காவதாக இறங்கியவள் அவன் மனைவி. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உள்ள இருந்தியா? ஒரு குரல் குடுத்திருக்கலாமே!"

"குடுத்திருந்தா பேச்சை நிறுத்தியிருப்பீங்க," என்றாள்.

மறுமாதம் அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். அங்கிருந்து லேபுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டாள். போகும்போது மீனுக்குத் தீனி எவ்வளவு, விளக்கு எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். 'தண்ணீர் குறைந்தால் ஊற்றவும்' என்றும் ஒரு வரி இருந்தது. எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை. இதுகூடவா தெரியாது என்று நினைத்திருப்பாள்.

அவனுக்குத் தெரியாது. கடல் மீன் என்றால் கடல் தண்ணீர் என்பது அவன் கணக்கு. தொட்டியில் தினமும் ஒரு நூல் அளவு தண்ணீர் குறையும். அவனும் தினமும் உப்பைக் கலக்கி, கரைந்ததா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பொறுப்பாக ஊற்றினான். மூன்று வாரம் இந்தக் கைங்கரியம் நடந்தது. மூன்றாவது வாரக் கடைசியில் இன்ஸ்பெக்டர் ரோந்து போவதை நிறுத்தி, மூலையில் ஒண்டிக்கொண்டு வாய் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. கையை விட்டுப் பார்த்தான். கடிக்கவில்லை. ஒரு போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினான். கீழே ஒரு வார்த்தைகூட எழுதவில்லை, அது அவன் வழக்கமில்லை.

அரை மணி நேரத்தில் வந்துவிட்டாள். பையிலிருந்து உப்பு பார்க்கும் குழலை எடுத்து, ஒரு சொட்டு விட்டு, ஒற்றைக் கண்ணை இடுக்கி ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொன்று.

"தண்ணிதான் ஆவியாகிப் போகும். உப்பு எங்கங்க போகும்? அது உள்ளதானே இருக்கும்! அதுக்கு மேல மேல உப்பைக் கொட்டியிருக்கீங்களே!"

அவன் திருதிருவென்று முழித்தான். அன்று சாயங்காலம் வரை இருந்து, கொஞ்சம் கொஞ்சமாக நல்ல தண்ணீர் விட்டு இறக்கினாள். போகும்போது, "நீங்க எதையும் தொடாதீங்க. தீனி மட்டும் போடுங்க. சனிக்கிழமை சனிக்கிழமை நான் வந்து பாத்துக்கறேன்," என்றாள். மீன் சாகக் கிடந்த அந்த வீட்டில், வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அப்படி வந்ததுதான் சனிக்கிழமை. நாலு மணிக்கு அவள் வருவாள். உப்பும் அழுக்கும் நீக்கிய சுத்தத் தண்ணீர் லேபில் கிடைக்கும்; ஐந்து லிட்டர் கேன் இரண்டு, பஸ்ஸில் ஏற்றி, மூன்று மாடி தூக்கி வருவாள். காலடிச் சத்தம் கேட்டதும் அவன் பாதிப் படி இறங்கி வாங்கிக்கொள்வான். தலைமுடியைத் தூக்கி முடிந்துகொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, குழாய் வைத்துப் பழைய தண்ணீரை வாளியில் இறக்குவாள். இன்ஸ்பெக்டர் வந்து கடிக்கும். "ஆ! திமிரைப் பாரு!" என்று கத்திவிட்டுச் சிரிப்பாள். போன வாரம் உப்புக் கலந்து மூடி வைத்திருந்த தண்ணீரை ஊற்றுவாள். இந்த வாரம் கொண்டுவந்ததில் கொஞ்சத்தை, ஆவியாகிக் குறைந்த அளவுக்கு அப்படியே விட்டு, மீதியில் உப்பைக் கலந்து அடுத்த வாரத்துக்கு மூடி வைப்பாள். அவன் போட்டுக் கொடுக்கும் டீயை நின்றுகொண்டே குடிப்பாள். ஆறு மணிக்குப் போய்விடுவாள்.

வாரத்தின் மற்ற ஆறு நாளும் அவனுக்கு ஆறுதலாக இருந்தது அந்த மூடி வைத்த வாளிதான். அடுத்த வாரத்துத் தண்ணீர் அதில் இருக்கிறது. அப்படியென்றால் அடுத்த வாரம் உண்டு. வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்து செருப்பைக் கழற்றியதும் ஒருமுறை, அதைப் பார்த்துக்கொள்வான். அவள் கை துடைத்த துண்டைத் திங்கட்கிழமை வரை துவைக்கப் போடமாட்டான். கண்ணாடியில் அவள் விரல் பட்ட தடம் மங்கி மங்கிப் புதன்கிழமை வாக்கில் மறையும். கட்டிலில் அவன் இன்னும் இடது ஓரத்தில்தான் படுத்தான். வலது பக்கம் அகலமாகக் காலியாகக் கிடந்தது. அவள் வேண்டும் என்று அவனுக்கு இருந்தது. சாப்பிடும்போது இருந்தது, சட்டைக்குப் பொத்தான் போடும்போது இருந்தது, உயரத்தில் லிஃப்ட் கயிற்றுக்கு எண்ணெய் விடும்போது இருந்தது. சொல்லத்தான் தெரியவில்லை.

மூக்கு உடைபட்டவனுக்கு ரோஷம் வரும். நாற்பத்தொன்றை மறக்க முடியாமல், இரண்டாம் மாதமே அவன் அடுத்த தெருவில் இருந்த கடல் மீன் கடைக்குப் போனான். கடையை நடத்தியது ஒரு வாயாடி அக்கா. வாடிக்கையாளர்களை எல்லாம் மீன்களைக் கொடுமை செய்யப் பிறந்தவர்கள் என்ற எண்ணத்திலேயே பேசுகிறவள். அவனுடைய உப்புக் கதையைக் கேட்டுவிட்டு, "நல்லவேளை, உங்களுக்குக் கடலைப் பாத்துக்கற வேலை இல்ல," என்றாள். ஆனால் சொல்லிக் கொடுத்தாள். இயந்திரம் பழகிய கை. அவனுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. உப்பு பார்க்கும் குழல் ஒன்று வாங்கினான். சின்னக் கண்ணாடிக் குப்பியில் சொட்டு மருந்து விட்டு, மஞ்சளா பச்சையா என்று பார்த்துத் தண்ணீரில் விஷம் சேர்ந்திருக்கிறதா என்று சொல்லப் பழகினான். எந்த மீன் எதனுடன் ஒத்துப்போகும், எது எதைக் கிழித்துவிடும் என்று கடையிலேயே மணிக்கணக்கில் நின்று பார்த்தான்.

"ஒரு மீனுக்கு இவ்வளவு மெனக்கெடறீங்களே," என்றாள் கடைக்கார அக்கா ஒருநாள். "வீட்ல இருக்கறவங்க குடுத்து வச்சவங்க." அவன் அசடு வழிய ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, தீனிப் பொட்டலத்தைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தான்.

ஆக, மூன்றாம் மாதம் முடிவதற்குள் அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அங்கேதான் வந்தது வினை. தெரியும் என்று சொன்னால் அவள் எதற்கு வருவாள்?

குழலையும் குப்பிகளையும் வேலைப் பையில், ஸ்பேனர்களுக்கு அடியில் ஒளித்து வைத்தான். வாரம் முழுக்க நாள் தவறாமல் தண்ணீரைச் சோதித்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்றும் தெரியாத பாப்பாவாக மாறினான். நுரை வடிகட்டியின் அழுக்குக் கிண்ணத்தைக் கழுவாமல் விட்டான். நீரோட்ட மோட்டாரை வேண்டுமென்றே சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தான். "இது எந்தப் பக்கம் பாக்கணும்?" என்று மூன்று வாரம் தொடர்ந்து ஒரே கேள்வியைக் கேட்டான். அவளும் தலையில் அடித்துக்கொண்டு மூன்று வாரமும் சொன்னாள். பெரிதாக ஏதாவது கெட்டால் அதிக நேரம் இருப்பாளே என்று ஒருதரம் உப்புத் தண்ணீர் சொம்போடு தொட்டியருகில் போய் நின்றதும் உண்டு. தீனி என்று நினைத்து இன்ஸ்பெக்டர் மேலே வந்து அவன் முகத்தையே பார்த்தது. சொம்பைப் பாத்திரம் கழுவும் இடத்தில் கவிழ்த்துவிட்டு வந்து, தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டான்.

இதில் அவன் செய்த ஒரு காரியத்தைத்தான் மன்னிக்க முடியாது. அவள் லேபிலிருந்து சுமந்து வந்த அதே சுத்தத் தண்ணீர் அடுத்த தெரு அக்கா கடையில் கேன் கேனாக இருந்தது. அதை அவன் சொல்லவில்லை. போன மாதம் அவள் தோள்பட்டைக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்து, கையைத் தூக்க முடியாமல் தூக்கியபோதும் சொல்லவில்லை. சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவள் சுமக்கும் காரணமும் போகும், வரும் காரணமும் போகும் என்று விழுங்கிவிட்டான்.

போன சனிக்கிழமை படியில் கேட்ட காலடி லேசாக இருந்தது. கேன் இல்லாத காலடி. அவன் பாதிப் படி இறங்கியபோது அவள் வெறும் கைப்பையோடு வந்துகொண்டிருந்தாள். வழக்கம்போல் பழைய தண்ணீரை இறக்கி, மூடி வைத்திருந்ததை ஊற்றினாள். பிறகு அந்த வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள். கவிழ்த்த வாளியில் அடுத்த வாரத்துத் தண்ணீர் இல்லை.

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்டரை நான் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்," என்றாள். லேபில் கூட வேலை பார்த்தவள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது, தன் கடல்தொட்டியை அப்படியே இவளுக்குக் கொடுத்துவிட்டாளாம். மூன்று வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு கறுப்பு மீனும் கூட. இரண்டு மாதமாக அவள் அறையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறதாம். "உங்களுக்கும் சிரமம், அதுக்கும் சிரமம். நான் வரதுக்குள்ள வாரம் ஒரு தப்பு பண்ணி வைக்கிறீங்க. நான் ஒரு வாரம் வரமுடியாம போனா அது செத்துடும். பயமா இருக்குங்க."

அவன் ஆடிய நாடகம் அத்தனையும் அவனுக்கு எதிராகவே சாட்சி சொன்னது. வேண்டாம், எனக்கு எல்லாம் தெரியும், நானே பார்த்துக்கொள்வேன் என்று சொன்னால், அவள் வர வேண்டியதில்லை. தெரியாது என்றே இருந்தால், மீன் போய்விடும், அப்போதும் அவள் வர வேண்டியதில்லை. அந்த ஒரு வாரம் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை ஒரு லிஃப்ட்டில் கீழே போக வேண்டியதை மேலே போகும்படி இணைத்துவிட்டு, கூட வேலை பார்ப்பவனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை வந்தது. இன்ஸ்பெக்டரைப் பிடிப்பது லேசான காரியமா? வலையைக் கண்டாலே பாறைக்குள் போய்விடும். கடைசியில் அவள்தான் வழி சொன்னாள். "உங்க கையை விடுங்க. கடிக்க வரும்ல, நான் பிடிச்சுக்கறேன்." அவன் கையை விட்டான். வந்தது, கடித்தது. இரண்டு தரம் அவள் வலை தவறியது. மூன்றாம் தரம் அவன் கையோடு சேர்த்தே வலைக்குள் வந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். அவள் தோள் அவன் தோளில் இடித்தது. மூடி போட்ட வாளியில், பேட்டரி மோட்டார் குமிழி விட, இன்ஸ்பெக்டர் இறங்கியது. கீழே ஆட்டோ நின்றது. அவன் வாளியைத் தூக்கிக்கொண்டான். அவள் முன்னால் இறங்கினாள்.

"அந்தக் கறுப்பனை நினைச்சாத்தான் பாவமா இருக்கு," என்று சொல்லிக்கொண்டே போனாள். "அது இதுல பாதிகூட இல்ல. இன்ஸ்பெக்டர் உள்ள போனதும் ஒரு மூலையில ஒடுங்கிடும்."

அவன் கால் தயங்கியது. இன்ஸ்பெக்டரின் ராஜ்ஜியத்தை வருஷக்கணக்கில் பார்த்தவர்களுக்குத்தான் இந்தத் தப்பு வரும்; அதையும் ஒன்று அடிக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவன் அக்கா கடையில் கண்ணால் கண்டிருக்கிறான். அதே மூன்று புள்ளிக் கறுப்பு மீன் இருந்த தொட்டியில், அதைவிட இரண்டு மடங்கு பெரிய மீனை விட்டார்கள். இரண்டே நாளில் பெரியதன் வாலும் துடுப்பும் கந்தலாகி, ஒரு கண் போய்விட்டது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதல் மாடி தாண்டுகிற நேரம், அவன் மனதில் கெட்ட ஆசை ஒன்று வந்தது. பேசாமல் இருந்துவிட்டால்? அடிபட்டால் திரும்ப இங்கேதானே கொண்டுவருவாள்? மறுபடியும் சனிக்கிழமை வரும். வாளிக்குள் மீன் திரும்பிய அசைவு கைப்பிடியில் தெரிந்தது. அவன் அப்படியே படியில் நின்றுவிட்டான்.

"நில்லு. உன் தொட்டியில கல்லை மாத்தி வச்சியா?"

"எந்தக் கல்லை?"

"உள்ள இருக்கிற பாறையை. அந்தக் கறுப்பு ரெண்டு மாசமா அங்க இருக்கு. அது அதோட வீடு. பெருசு சின்னதெல்லாம் கணக்கே இல்ல, முன்னாடி வந்தது யாருங்கறதுதான் கணக்கு. அப்படியே கொண்டு போய் விட்டா இதைக் கிழிச்சுத் தொங்கவிட்டுடும். முதல்ல கறுப்பை ஒரு டப்பாவுல எடுத்து வை. பாறை எல்லாத்தையும் கலைச்சு வேற மாதிரி அடுக்கு. இதை விட்டு ரெண்டு நாள் கழிச்சு அதை விடு. அப்ப எது யாரோட மூலைன்னு ரெண்டுக்குமே தெரியாது. அப்புறம், உன் தண்ணியில உப்பு எவ்வளவு? இதுல முப்பத்தஞ்சு இருக்கு. உன்னுது குறைவா இருந்தா எடுத்த எடுப்புல விடாத, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டா கலந்து…"

அவ்வளவு நீளமாக அவன் அவளிடம் பேசியதே கிடையாது. அவள் இரண்டு படி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முப்பத்தஞ்சுன்னு எப்படித் தெரியும்? நான் இன்னைக்கு அளந்தே பாக்கலையே."

"காலையில நான் பாத்தேன்."

"எதை வச்சு? குழல் என் பையில இருக்கு."

"என்கிட்ட ஒண்ணு இருக்கு."

"எப்பலேர்ந்து?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆறு மாசம் ஆச்சு," என்றான்.

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாளியை வைத்துவிட்டு அவனும் உட்கார்ந்தான். அவள் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. சோதிக்கும் குப்பிகள் இருக்கிறதா? இருக்கிறது. மோட்டாரைத் திருப்பி வைத்தது? நான்தான். அழுக்குக் கிண்ணம்? வேண்டுமென்றே. இந்தத் தண்ணீர் வேறு எங்கேயாவது கிடைக்குமா?

"அடுத்த தெருவுல கிடைக்கும்."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஆறு மாசமா வாரம் பத்து லிட்டர் தூக்கிக்கிட்டு வந்திருக்கேன். பஸ்ஸுல நின்னுக்கிட்டு. ஊசி போட்டுக்கிட்டு வந்த அன்னைக்குக் கூடவா உங்களுக்கு வாய் திறக்கல? நீங்க எல்லாம் மனுஷனா?"

"தப்புதான்."

"தப்புன்னு எனக்கும் தெரியும். ஏன் பண்ணினீங்க?"

அவன் வாளியின் மூடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்கே எல்லாம் தெரியும்னா நீ வரமாட்டியே."

அவள் பேசியபோது குரலில் கோபம் இல்லை. கோபமே இருந்திருக்கலாம் என்று அவனுக்கு இருந்தது.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்," என்றாள். "அக்கா வீட்டுக்குப் போன புதுசுல மூணு வாரம் நான் பையையே பிரிக்கல. துணியை எடுத்து அலமாரியில வைடின்னு அக்கா சொல்லிக்கிட்டே இருந்தா. எப்படியும் கூப்பிடுவார், திரும்பக் கட்டணுமேன்னு நான் அப்படியே வச்சிருந்தேன். ஒரு நாள் போன்ல உங்க பேர் வந்துது. எடுத்துப் பாத்தா, மீனோட போட்டோ."

இப்போதாவது கூப்பிட வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். அவனுக்குத் தோன்றாமலா இருக்கும்? ஏற்கெனவே மூடியிருந்த வாளி மூடியை இன்னொரு முறை அழுத்தினான். அவள் கொஞ்ச நேரம் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"மேல கொண்டு போய் விடுங்க. பாவம் அது, இவ்வளவு நேரம் வாளியில கிடக்குது. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, இங்கயே இருக்கட்டும். இனிமே நான் வரவேண்டிய அவசியம் இல்ல." வெறும் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

மீனைத் தொட்டியில் விட்டான். அது ஒரு சுற்றுச் சுற்றி எல்லைகளைச் சரிபார்த்துவிட்டு வந்து அவன் விரலைக் கடித்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றான்.

இரண்டு சனிக்கிழமை போயிற்று. அக்கா கடையிலிருந்து கேன் வாங்கி வந்து தானே தண்ணீர் மாற்றினான். எல்லா அளவும் கச்சிதமாக இருந்தது, இன்ஸ்பெக்டர் நன்றாகத் தின்றது, தொட்டி முன்னெப்போதையும்விடப் பளிச்சென்று இருந்தது. நாலு மணி ஆனதும் அவன் காது படிக்கட்டுக்குப் போகும். யாரோ முதல் மாடிக்காரர் ஏறுவார். ஆறு மணிக்கு எழுந்து ஒரு டீ போட்டு, தானும் நின்றுகொண்டே குடித்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடி மோட்டார் அறையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அவன் அவளுக்குப் போன் செய்தான். டிபன் டப்பா திறக்காமல் இருந்தது. கையெல்லாம் கிரீஸ். கைப்பேசியை இரண்டு விரலால் பிடித்திருந்தான். நாலாவது மணியில் எடுத்தாள்.

"மீனுக்கு என்ன ஆச்சு?"

"மீனுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கு."

"அப்புறம்?"

இந்தத் தடவை அவனுக்குக் கேட்பதற்கு ஒரு சந்தேகம் இல்லை, சொல்வதற்கு ஒரு கோளாறு இல்லை. வைத்துவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தான்.

"உன்னைப் பாக்கணும் போல இருக்கு," என்றான். "தினமும் இருக்கு. நீ போன நாள்லேர்ந்து இருக்கு. மீனுக்காக இல்ல. வீட்டுக்கு வந்துடுன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன். வந்தாலும் வராட்டியும் இதைச் சொல்லணும்."

அந்தப் பக்கம் லேப் இயந்திரம் ஒன்று சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், ஒரு கதவு திறந்து மூடுகிற சத்தம். இயந்திரம் நின்றுபோனதுபோல் எல்லாம் அடங்கியது. அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது.

"வெளியில வந்துட்டேன். இங்க யாரும் இல்ல," என்றாள். "மறுபடியும் சொல்லுங்க."

அவன் மறுபடியும் சொன்னான்.